ஏ7 மார்க் 4, ஆர்6 மார்க் 2: கல்யாணக் கேமராவுக்கு ஓர் ஒப்பாய்வு

கல்யாண வீடுகளை நம்பித் தொழில் செய்யும் போட்டோகிராஃபருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் சின்னத் தொகை அல்ல. பலர் அதைத் தவணையில் கட்டுகிறார்கள். வீட்டு நகையை அடகு வைத்து வாங்குகிறவர்களும் உண்டு. அப்படி வாங்கும் பாடி நான்கைந்து வருடமாவது உழைத்துத் தர வேண்டும். ஆனால் முடிவெடுக்க அவர்கள் கையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு பத்தி எண்கள் கொண்ட ஓர் அட்டவணைதான். இதில் 33 மெகாபிக்சல், அதில் 24. இதில் வினாடிக்கு 10 படம், அதில் 40. எண் எந்தப் பக்கம் பெரிதோ அந்தப் பக்கம் மனம் சாய்கிறது. அட்டவணையில் அச்சாகாத இரண்டு விஷயங்கள்தான் இந்த முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சென்சார் ஒரு படத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது ஒன்று. அந்தப் பாடியின் மவுண்ட்டில் யார் யாருடைய லென்ஸை மாட்ட முடியும் என்பது மற்றொன்று.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை சோனி ஏ7 மார்க் 4, கேனன் இஓஎஸ் ஆர்6 மார்க் 2. முன்னது 2021 அக்டோபரிலும் பின்னது 2022 நவம்பரிலும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் ஃபுல்ஃபிரேம். அமெரிக்காவில் இரண்டின் அறிமுக விலையும் ஏறக்குறைய 2,500 டாலர். இந்தியாவில் இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் கீழே. சோனி 658 கிராம், கேனன் 670 கிராம். நிக்கான் இசட்6 மார்க் 3, பானசோனிக் எஸ்5 மார்க் 2 இரண்டும் இந்த வரிசையில் நிற்கத் தகுதியுள்ளவையே. ஆனால் தொழில் செய்கிறவருக்கு அவசரத்துக்கு வாடகை லென்ஸ் கிடைக்க வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், பழைய பாடியை விற்க இடம் வேண்டும். இந்த மூன்றிலும் நம் ஊர்ப் புழக்கம் சோனியையும் கேனனையும் சுற்றியே இருப்பதால் அந்த இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த இரு நிறுவனங்களும் மிரர்லெஸ்ஸுக்கு வந்த வழியைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கேனன் 1987-ல் இஎஃப் மவுண்ட்டை அறிமுகப்படுத்தியது. 2014-ல் அதன் இஎஃப் லென்ஸ் உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. அத்தனை லென்ஸ்களை விற்றுவைத்திருக்கும் நிறுவனம் மவுண்ட்டை மாற்ற எளிதில் துணியாது. 2008-ல் பானசோனிக் ஜி1 வந்து மிரர்லெஸ் காலம் தொடங்கிய பிறகும், ஃபுல்ஃபிரேமில் கேனன் பத்து வருடம் காத்திருந்தது. 2018 செப்டம்பரில்தான் இஓஎஸ் ஆர் என்ற பாடியும் ஆர்எஃப் மவுண்ட்டும் வந்தன. சோனியின் நிலைமை நேரெதிர். 2006-ல் கோனிகா மினோல்டாவின் கேமரா தொழிலை வாங்கி எஸ்எல்ஆர் சந்தையில் இறங்கிய சோனியால் கேனனையும் நிக்கானையும் அசைக்க முடியவில்லை. காப்பாற்றிவைக்கப் பெரிய லென்ஸ் சாம்ராஜ்யம் இல்லாததால் 2010-லேயே இ-மவுண்ட்டுக்கும், 2013-ல் ஏ7 மூலம் ஃபுல்ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்கும் தாவியது. புது மவுண்ட்டில் லென்ஸ் குறைவு என்பதே அன்று அதன் பெரிய பலவீனம். அதனால் 2011-ல் இ-மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் நிறுவனங்களுக்குக் கட்டணமில்லாமல் கொடுத்தது. இன்றைக்கு சிக்மாவும் டேம்ரானும் சோனிக்காரர்களின் பையில் இருப்பதற்கு விதை அங்கே போடப்பட்டது.

முதலில், பலரும் கவலைப்படும் படத்தரத்தைப் பேசிவிடலாம். அதில் கவலைப்பட அவ்வளவு இல்லை. சோனியின் படம் 7008-க்கு 4672 பிக்சல். கேனனுடையது 6000-க்கு 4000. மெகாபிக்சலில் இது பெரிய வித்தியாசமாகத் தெரிந்தாலும் அகலவாக்கில் 17 சதவீதம்தான். கல்யாண ஆல்பத்தில் வைத்துப் பார்ப்போம். வழக்கமான 12-க்கு 36 அங்குல ஷீட்டில் ஒரு பக்கம் 18 அங்குல அகலம். அதில் ஒரு படத்தை முழுதாக வைத்தால் கேனன் அங்குலத்துக்கு 333 பிக்சல் தருகிறது, சோனி 389. அச்சுக்கு 300 போதும் என்பது லேப்காரர்களின் நெடுநாள் கணக்கு. 36 அங்குலத்துக்கும் ஒரே படத்தை விரித்தால் கேனன் 167-க்கும் சோனி 195-க்கும் இறங்குகின்றன. அவ்வளவு பெரிய விரிப்பைக் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது இரண்டுமே தாங்கும். 33 மெகாபிக்சலின் உண்மையான பயன் படத்தை வெட்டும்போதுதான் தெரியும். குடும்பப் படத்திலிருந்து பாட்டியின் முகத்தை மட்டும் தனியாக எடுக்க வேண்டுமென்றால் சோனி கொஞ்சம் கூடுதல் இடம் தருகிறது.

அந்தக் கூடுதலுக்கு ஒரு விலை உண்டு. தரம் குறையாத முறையில் சுருக்கிய சோனி ரா ஃபைல் ஒன்று ஏறக்குறைய 40 எம்பி. கேனன் ரா ஏறக்குறைய 28 எம்பி. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் என்று வைத்துக்கொண்டால் 120 ஜிபி, 84 ஜிபி. ஒரு சீசனுக்கு இருபது கல்யாணம் எடுக்கிறவர், இரண்டு பிரதி வைத்துக்கொள்கிறவர் ஹார்டு டிஸ்க் செலவையும் கம்ப்யூட்டரின் வேகத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இருட்டில் படத்தில் தெரியும் புள்ளி, நிழலைத் தூக்கும்போது கிடைக்கும் விவரம் ஆகியவற்றில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. ஒரே அளவில் அச்சிட்டு வைத்தால் எது எந்தக் கேமரா என்று ஆல்பம் பார்ப்பவர் சொல்ல முடியாது.

இனி அட்டவணையில் வராத முதல் விஷயம். பழைய மெக்கானிக்கல் ஷட்டரில் இரண்டு திரைகள் சென்சாருக்கு முன்னால் ஓடுகின்றன. அவை ஃபிரேமைக் கடக்க ஆகும் நேரம் ஒரு வினாடியில் 300-ல் ஒரு பங்கு அளவுதான். எலக்ட்ரானிக் ஷட்டரில் திரை கிடையாது. சென்சாரே வரிசை வரிசையாக வெளிச்சத்தை வாசித்துக்கொண்டு இறங்குகிறது. முதல் வரிசை வாசிக்கப்படும் நேரமும் கடைசி வரிசை வாசிக்கப்படும் நேரமும் வேறு. இந்த இடைவெளி ஏ7 மார்க் 4-ல் ஏறக்குறைய 67 மில்லிவினாடி. ஆர்6 மார்க் 2-ல் ஏறக்குறைய 15. நான்கு மடங்குக்கும் மேலான இந்த வித்தியாசத்தை எந்த அட்டைப்பெட்டியிலும் அச்சடிப்பதில்லை. இந்த ஒரே எண்ணிலிருந்துதான் இரண்டு கேமராக்களின் குணமும் பிரிகிறது.

தவில் வித்துவானின் கையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கை வினாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்தால், சோனியின் சென்சார் மேலிருந்து கீழே வந்து சேர்வதற்குள் கை 13 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கேனனில் அது 3 சென்டிமீட்டர். ஷட்டர் வேகத்தை 1/2000 வைத்தாலும் இந்தக் கோணல் போகாது. ஒவ்வொரு வரிசையும் கூர்மையாக இருக்கும், ஆனால் வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் கோல் வளையும், கை சாயும். ஆகவே சோனியில் அசையும் எதையும் மெக்கானிக்கல் ஷட்டரில்தான் எடுக்க வேண்டும். அதன் வேகம் வினாடிக்கு 10 படம். அதுவும் தரத்தில் சிறிது இழப்புள்ள சுருக்கிய ரா-வில் மட்டும். இழப்பில்லாத ரா-வுக்கு மாறினால் 6 அளவுக்கு இறங்கும். கேனன் மெக்கானிக்கலில் 12, எலக்ட்ரானிக்கில் 40. அந்த 40-க்கு கேனன் கொடுத்த விலை, எலக்ட்ரானிக் ஷட்டரில் 14 பிட் ரா 12 பிட்டாகக் குறைவது. நன்றாக வெளிச்சம் வைத்து எடுத்த படத்தில் இது தெரியாது. ஆழமான நிழலைத் தூக்கினால் தெரியும்.

அடுத்தது விளக்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும்; மலிவான எல்இடிகளில் இது அப்பட்டமாகவே இருக்கும். ஒரு துடிப்புக்கு 10 மில்லிவினாடி. அப்படியானால் 67 மில்லிவினாடி வாசிப்புக்குள் ஆறேழு துடிப்பு வந்துபோகும். படத்தின் குறுக்கே ஆறேழு கறுத்த பட்டைகள் விழும். 15 மில்லிவினாடிக்குள் ஒன்றரைத் துடிப்புதான். பட்டை இருக்கும், ஆனால் பரவலாக, சரிசெய்யக்கூடியதாக இருக்கும். இதற்கு ஒரு கைமருந்து உண்டு. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் ஒவ்வொரு வரிசையும் முழுத் துடிப்பைச் சேர்த்து வாங்கிக்கொள்ளும், பட்டை மறையும். சத்தமில்லாமல் எடுக்க வேண்டிய இடத்தில் சோனி வைத்திருப்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் இவை. ஆனால் 1/100-ல் மாலை மாற்றும் கைகள் கலங்கும். மேலும், மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்இடி திரை மின்சாரத்தின் துடிப்பில் எரிவதில்லை. அதன் துடிப்பு வேறு, வேகமானது. அங்கே 1/100 காப்பாற்றும் என்று நம்பி நிற்க முடியாது. இரண்டிலும் ஃபிளிக்கர் தடுக்கும் வசதி இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் துடிப்பின் உச்சத்தைப் பார்த்துப் படமெடுக்கும் அந்த வசதி மெக்கானிக்கல் ஷட்டருக்கானது. ஃபிளாஷும் அப்படித்தான்: எலக்ட்ரானிக் ஷட்டரில் இரண்டு கேமராவிலும் அது வேலை செய்யாது.

இதெல்லாம் யாருக்கு முக்கியம்? மண்டபத்தில் நாதஸ்வரமும் மைக்கும் முழங்கும்போது ஷட்டர் சத்தத்தை யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே மெக்கானிக்கல் ஷட்டரும் ஃபிளாஷும்தான் புழங்கும், சோனியின் குறை தெரியவே தெரியாது. மார்கழி சபாக் கச்சேரிகளை எடுப்பவர், பரதநாட்டிய அரங்கேற்றம் எடுப்பவர், தேவாலயத்தில் திருமண வாக்குறுதி சொல்லும் நேரத்தில் நிற்பவர், நாடகம் எடுப்பவர் ஆகியோருக்கு நிலைமை வேறு. ஆலாபனைக்கு நடுவே விழும் ஒரு 'க்ளக்' சத்தத்துக்கு முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அவர்கள் வேலையில் பெரும்பகுதி சத்தமில்லா ஷட்டரில்தான் நடக்கும். அவர்களிடம் நான் தயங்காமல் கேனனைச் சொல்வேன். பறவை எடுப்பவர்களுக்கும் அதே பதில்தான். ஷட்டரை அழுத்துவதற்கு அரை வினாடி முன்பிருந்தே படங்களைப் பிடித்துவைக்கும் வசதி ஆர்6 மார்க் 2-ல் உண்டு. மீன்கொத்தி தண்ணீரில் பாயும் கணத்துக்கு அது பெரிய உதவி.

வீடியோவிலும் அதே எண்தான் வேலை செய்கிறது. ஆர்6 மார்க் 2, 4கே 60 ஃபிரேமைச் சென்சாரின் முழு அகலத்திலிருந்து, 6கே அளவில் வாசித்துச் சுருக்கித் தருகிறது. ஏ7 மார்க் 4, 30 ஃபிரேம் வரை முழு அகலத்தில் 7கே வாசித்து அருமையான 4கே தரும். 50, 60 ஃபிரேமுக்குப் போனால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மி.மீ லென்ஸ் 36 மி.மீ போல ஆகிவிடும். மணமேடைக்கு முன்னால் உறவினர் கூட்டம் நெருக்க, பின்னால் நகர இடமில்லாமல் நிற்கும் வீடியோகிராஃபருக்கு இந்த 12 மி.மீ என்ன என்று சொல்லத் தேவையில்லை. தாலி கட்டும் கணத்தை ஸ்லோமோஷனில் கேட்காத வீடு இன்று குறைவு. சோனியை வீடியோவுக்கு வைத்துக்கொள்கிறவர் 16 அல்லது 17 மி.மீயில் தொடங்கும் ஓர் அகல லென்ஸுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

மற்றபடி இருவரும் 10 பிட் பதிவு தருகிறார்கள். சோனியில் எஸ்-லாக் 3, கேனனில் கேனன் லாக் 3. எடுத்ததும் கொடுத்துவிட வேண்டிய வேலைக்கு சோனியின் எஸ்-சினிடோன் நன்றாகக் கைகொடுக்கும். சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வளவு நிமிடம் நிற்காமல் ஓடும் என்று நிறுவனங்கள் சொல்வது 23, 25 டிகிரி அறையில் அளந்தது. சித்திரை மாதத்தில், ஏசி இல்லாத மண்டபத்தில், ஓமப் புகைக்குப் பக்கத்தில் 4கே 60 ஓட்டினால் இரண்டுமே முன்னதாகவே எச்சரிக்கை காட்டும். முழுச் சடங்கையும் ஓட்டும் நிலைக் கேமராவை 4கே 25-ல் வைத்துவிட்டு, தேவைப்படும் நிமிடங்களுக்கு மட்டும் 50-க்குப் போவதே பாதுகாப்பு. நம் விளக்குகளுக்கு 60-ஐவிட 50 ஃபிரேமே பொருந்தும். ஷட்டரையும் 1/100-ல் வைத்துக்கொள்ள முடியும்.

ஃபோகஸ் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. கண்ணைக் கண்டுபிடித்துத் தொடர்வதில் இரண்டும் நன்றாகச் செய்கின்றன. யாராவது குறுக்கே வந்து போனாலும் மணமகளின் முகத்துக்குத் திரும்பிவிடுகின்றன. மனிதரா, விலங்கா, வண்டியா என்று கேனன் தானாகவே பிரித்துப் பார்த்துக்கொள்ளும். சோனியில் நாம் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் மனிதர்கள்தானே.

நிறம் பற்றிய வாதம் ஓயாதது. கேனனின் தோல்நிறம் இதமானது, சோனி பச்சை அடிக்கும் என்ற பேச்சு பழைய ஏ7-களைக் கண்டவர்கள் சொன்னது. மார்க் 4-ல் வெள்ளைச் சமநிலை நிறையத் திருந்திவிட்டது. ரா-வில் எடுத்து லைட்ரூமில் திருத்துகிறவருக்கு இந்த வேறுபாடு ஒரு ப்ரொஃபைல் மாற்றுவதோடு முடியும். நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. அரக்குப் பட்டும் குங்குமமும் மஞ்சள் விளக்கும் சேரும் இடத்தில், மொத்த வெளிச்சம் சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து புடவையின் நெசவு காணாமல் போய்விடும். எந்தக் கேமராவானாலும் மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை எடுத்த படத்தில் ஒருமுறை பார்த்து, கொஞ்சம் குறைத்து எடுக்க வேண்டும். மாநிறத்தையும் கறுப்பையும் வெளுக்கடித்துக் கொடுக்கும் பழக்கத்தை எந்த சென்சாரின் தலையிலும் கட்ட முடியாது. அது எடிட்டிங் மேசையில் நடக்கிறது, நிறுத்தப்பட வேண்டியது.

கைநடுக்கத் தடுப்பு கேனனில் 8 ஸ்டாப், சோனியில் 5.5 என்று சொல்லப்படுகிறது. அசையாத கோபுரத்துக்கு, மண்டப அலங்காரத்துக்கு அது உதவும். அசையும் மனிதரை நிறுத்தாது. பேட்டரி இரண்டிலும் ஒரு முகூர்த்தத்துக்குப் போதும், உதிரியாக ஒன்று வேண்டும். கேனனில் 2008-ன் 5டி மார்க் 2 காலத்திலிருந்தே தொடரும் எல்பி-இ6 வடிவம் என்பதால் பழைய பேட்டரிகளும் பொருந்தும். இரண்டிலும் இரண்டு கார்டு இடங்கள் உண்டு; இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி வைத்துவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

இனி லென்ஸ். பாடியைவிட இதில்தான் அதிகப் பணம் போகிறது, நீண்ட நாளும் நிற்கிறது. உச்சியில் இரு பக்கமும் விலை ஒன்றுதான்: கேனனின் ஆர்எஃப் 24-70 எஃப் 2.8 எல் 2019-ல் வந்தபோதும், சோனியின் 24-70 ஜிஎம் 2 லென்ஸ் 2022-ல் வந்தபோதும் அமெரிக்க விலை ஏறக்குறைய 2,300 டாலர். அடிமட்டத்திலும் இரு பக்கமும் 50 எஃப் 1.8 இருக்கிறது. நடுவில்தான் எல்லாம் மாறுகிறது. சோனி மவுண்ட்டில் சிக்மாவின் 24-70 எஃப் 2.8 ஆர்ட், இரண்டாம் பதிப்பு, 1,200 டாலருக்கு வந்தது. 540 கிராம் எடையுள்ள டேம்ரான் 28-75 எஃப் 2.8 ஜி2-வின் விலை அதற்கும் குறைவு. 85 எஃப் 1.4 வேண்டுமா, சிக்மாவில் ஏறக்குறைய 630 கிராமில் இருக்கிறது. கல்யாணக்காரர்கள் விரும்பும் டேம்ரான் 35-150 எஃப் 2-2.8, ஒரே லென்ஸில் குடும்பப் படத்திலிருந்து தாலி முடிச்சின் நெருக்கம் வரை எடுத்துவிடும். கிலோவைத் தாண்டும் எடையை மட்டும் தோள் பொறுக்க வேண்டும். மற்ற நிறுவன லென்ஸ்களுக்கு வினாடிக்கு 15 படம் என்று சோனி வைத்திருக்கும் வரம்பு, 10 மட்டுமே எடுக்கும் மார்க் 4-ஐத் தொடுவதில்லை.

கேனன் இந்த நடுவழியை அடைத்துவைத்தது. 2022-ல் வில்ட்ராக்ஸ் என்ற லென்ஸ் நிறுவனம் தன் ஆர்எஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களின் விற்பனையை நிறுத்த வேண்டிவந்தது; தங்கள் காப்புரிமை மீறப்படுவதாகக் கேனன் சொன்னது. 2024 ஏப்ரலில் சிக்மாவும் டேம்ரானும் உரிமம் பெற்று ஆர்எஃப் லென்ஸ்களை அறிவித்தன, ஆனால் அவை சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கானவை. ஃபுல்ஃபிரேமில் நடுத்தர விலைக்கு கேனனே தரும் லென்ஸ்கள்தான் பெரும்பாலும் கதி. 2024-ல் வந்த ஆர்எஃப் 28-70 எஃப் 2.8 எஸ்டிஎம் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. 495 கிராம், அறிமுக விலை 1,100 டாலர், கைநடுக்கத் தடுப்பும் உண்டு. நல்ல லென்ஸ், ஆனால் ஒரு லென்ஸ். விற்கும் நிறுவனத்துக்கு இந்த அடைப்பு லாபமாக இருக்கலாம்; ஐந்து வருடத்தில் மூன்று லென்ஸ் சேர்க்க நினைக்கும் சின்ன ஊர் ஸ்டுடியோக்காரருக்கு அது நேரடி நஷ்டம். இதைச் சொல்லாமல் கேனனைப் பரிந்துரைப்பது நியாயமாகாது.

ஆனால் கேனனுக்கு இன்னொரு வாசல் அகலத் திறந்திருக்கிறது. இஎஃப் லென்ஸுக்கும் சென்சாருக்கும் 44 மி.மீ தூரம் வேண்டும். ஆர்எஃப்பில் இருப்பது 20. மீதி 24 மி.மீயை நிரப்பும் வெறும் குழாய்தான் இஎஃப்-ஆர் அடாப்டர். உள்ளே கண்ணாடி கிடையாது, மின் தொடர்புகள் நேராகப் போகின்றன. 5டி மார்க் 3 காலத்தில் வாங்கிய 70-200 எஃப் 2.8, 24-70, 135 எஃப் 2 எல்லாம் ஆர்6 மார்க் 2-ல் தம் சொந்தப் பாடியில் இருந்ததைவிட நம்பகமாக ஃபோகஸ் ஆகும். ஃபோகஸைச் சென்சாரே நேரடியாகப் பார்ப்பதால், லென்ஸுக்கு லென்ஸ் முன்னும் பின்னும் தள்ளிவைத்துச் சரிசெய்யும் பழைய தொல்லை இல்லை. நம் ஊரில் கேனன் எஸ்எல்ஆர் வைத்துத் தொழில் செய்தவர்கள் ஏராளம். அவர்கள் அலமாரியில் அந்த லென்ஸ்கள் இன்னும் இருக்கின்றன. மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் விற்றவையும் செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. இதே லென்ஸ்களை அடாப்டர் வைத்து சோனியிலும் மாட்டலாம், ஆனால் வீடியோவிலும் தொடர் ஃபோகஸிலும் அந்த நம்பகம் வராது.

இரு நிறுவனங்களும் தங்கள் குறையை அறிந்தே இருந்தன என்பதற்கு அடுத்த தலைமுறை சாட்சி. 2025 நவம்பரில் வந்த ஆர்6 மார்க் 3, 32.5 மெகாபிக்சலுக்கு ஏறியது. டிசம்பரில் வந்த ஏ7 மார்க் 5, 33 மெகாபிக்சலிலேயே நின்றுகொண்டு வேகமாக வாசிக்கும் சென்சாருக்கு மாறியது. ஒருவரிடம் இருந்ததை மற்றவர் எடுத்துக்கொண்டார். இரண்டும் முன்னவற்றைவிட விலை கூடியவை. அதனால் பழைய இரண்டின் விலை இறங்க இறங்க, இந்த ஒப்பீடு கையில் அளவான பணம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் தேவையாகிறது. செய்யும் வேலை பாடியின் எல்லையை முட்டாதவரை, புதியதுக்கான கூடுதல் பணத்தை ஒரு நல்ல லென்ஸில் போடுவதே மேல்.

என் முடிவு இதுதான். கையில் கேனன் இஎஃப் லென்ஸ் இரண்டாவது இருந்தால் ஆர்6 மார்க் 2, மறுயோசனை வேண்டாம். கச்சேரி, அரங்கேற்றம், நாடகம், பறவை, அல்லது 4கே ஸ்லோமோஷனே முக்கிய வேலை என்றால், லென்ஸ் எதுவும் இல்லாவிட்டாலும் கேனன்தான். பை காலியாக இருந்து, கல்யாணமும் போர்ட்ரெய்ட்டுமே தொழில் என்றால் ஏ7 மார்க் 4, கூடவே டேம்ரான் 28-75, சோனியின் 85 எஃப் 1.8. முதல் இரண்டு வருடத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. ஸ்டுடியோவில் இரண்டாவது பாடியோ கூட வரும் நண்பர்களின் பாடியோ ஏற்கெனவே ஒரு மவுண்ட்டில் இருந்தால் அதையே பின்பற்றுவது நல்லது. அவசரத்தில் லென்ஸ் கைமாறுவது மேலே சொன்ன எல்லா வேறுபாடுகளையும்விடப் பெரிய உதவி.

வாங்கும்போது பில் இல்லாத இறக்குமதிச் சரக்கின் விலையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2,40,000 ரூபாய் விலைக்குள் ஏறக்குறைய 36,600 ரூபாய் வரியாக இருக்கிறது. சாதாரண முறையில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் ஸ்டுடியோ, தன் பெயரில் பில் வாங்கினால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாத சரக்கு குறைத்துக் காட்டும் தொகையில் பெரும்பங்கு இதுவே; உத்தரவாதமும் கையோடு போய்விடும். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு பாடியையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் அடிக்கடி வேலை செய்யும் மண்டபத்துக்குக் கொண்டுபோங்கள். விளக்கும் எல்இடி திரையும் எரியும்போது எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/250-லும் 1/100-லும், பிறகு மெக்கானிக்கலிலும் அதே இடத்தை எடுங்கள். மேடைக்கு முன் உங்களுக்குக் கிடைக்கும் அந்த இடத்தில் நின்று 4கே 50 ஒரு நிமிடம் ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டின் ரா-வையும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே திறந்து, ஒரு படத்தை உங்கள் லேபில் 12-க்கு 36-ல் போட்டு வாங்கிப் பாருங்கள்.